வீல்சேரில் அம்மா, லண்டனிலிருந்து லூர்துக்கு ரயில்: எதை முதலில் புக் செய்வது?

கேள்வி: எனக்கு ஊர் புதுச்சேரி. அம்மாவுக்கு 67 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலில் பலமில்லை. எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், இரண்டு மூன்று அடி வைப்பார், மற்றபடி வீல்சேர்தான். வில்லியனூர் மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். பிரான்சில் இருக்கும் லூர்துக்கு ஒருமுறை போய்விட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அண்ணன் லண்டன் பக்கம் இல்ஃபர்டில் இருக்கிறார். சித்தி குடும்பம் பாரிசில். முதலில் லண்டன், அங்கிருந்து ரயிலில் பாரிஸ், பிறகு லூர்து என்று ஆகஸ்டில் போக நினைக்கிறோம். நடுவில் ஒருநாள் பர்மிங்காமில் படிக்கும் அண்ணன் மகளையும் பார்க்க வேண்டும். "சாதாரண டிக்கெட்டே போதும், நாற்காலியை மடித்துவிட்டு அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துக்கொள்ளலாம்" என்கிறார் அண்ணன். வீல்சேருக்கென்று அங்கே தனி இடம் உண்டா? இங்கிருந்தே புக் செய்ய முடியுமா? அம்மாவின் யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்குச் சலுகை கிடைக்குமா?
(புதுச்சேரி வாசகி)

பதில்:

அண்ணன் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் பயணம் முழுக்க அதில்தான் நிற்கிறது. அம்மா ரயிலில் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து வரப்போகிறாரா, அல்லது எழுந்து ரயில் இருக்கைக்கு மாறப்போகிறாரா? இணையத்தில் எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன்பே இதை வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். எந்தப் பெட்டி, எந்தக் கட்டணம், எந்தக் கழிப்பறை, யார் பக்கத்தில் உட்காரலாம் எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தவைதான். சாதாரண டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், அங்கே நின்று "அம்மாவால் முடியவில்லை, வீல்சேர் இடம் கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. ஒரு ரயிலுக்கு அப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும்.

அம்மாவால் இரண்டு மூன்று அடி வைக்க முடியும் என்பதால் அண்ணன் சொல்வது நடக்காத காரியம் இல்லை. ஆனாலும் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏற்றிவிடுவதோடு வேலை முடிந்துவிடாது. பாரிசிலிருந்து லூர்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரப் பயணம். இடையில் கழிப்பறைக்குப் போக வேண்டும். சாதாரணப் பெட்டியின் நடைவழியில் வீல்சேர் நுழையாது. கழிப்பறைக்குள் துணைக்கு இன்னொருவர் நிற்கவும் இடம் இருக்காது. வீல்சேர் இடம் ஒதுக்கிய பெட்டியில் நாற்காலியோடு நுழையக்கூடிய அகலமான கழிப்பறை பக்கத்திலேயே இருக்கும். கழிப்பறைச் சிரமத்தை நினைத்துத்தான் பல வயதான அம்மாக்கள் பயண நாளில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் அது ஆபத்து. அப்புறம், தூக்கி ஏற்றும்போது அண்ணன் இடுப்பு பிடித்துக்கொண்டால் மீதிப் பயணத்தில் அம்மாவை யார் பார்ப்பது?

ஆகவே மூன்று பயணங்களுக்கும் வீல்சேர் இடமே கேளுங்கள். ஐந்து மணி நேரம் நாற்காலியிலேயே இருப்பதும் சுலபமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல தடிமனான குஷன் ஒன்று வாங்கிவிடுங்கள். அம்மாவுக்குப் பிடித்து நிற்க வரும் என்பதால் மணிக்கு ஒருதடவை ஒரு நிமிடம் எழுப்பி நிறுத்தலாம். நடுவில் போர்டோவில் இறங்கி ஒருநாள் தங்கிப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இன்னொருவர் வந்து உதவுவதை நம்பியிருக்க வேண்டும். அந்த இடங்களை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

அடுத்து இன்ச் டேப்பை எடுங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ரயில்களின் வீல்சேர் இடம் பொதுவாக 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் உள்ள நாற்காலிக்கென்று அளவெடுத்துக் கட்டப்பட்டது. ஆளும் நாற்காலியும் சேர்த்து எடை 300 கிலோவுக்குள். நம் ஊர் மடக்கு நாற்காலி அகலத்தில் பெரும்பாலும் தேறிவிடும். மாட்டிக்கொள்வது நீளத்தில்தான். வெறும் நாற்காலியை அளந்தால் போதாது. அம்மாவை உட்கார வைத்து, கால்பலகையில் பாதங்களை வைத்து, பின்னால் தள்ளும் கைப்பிடி நுனியிலிருந்து முன்னால் கால்விரல் நுனி வரை அளந்து பாருங்கள். இடது காலை நீட்டி வைக்கும் பலகை போட்டிருந்தால் 120-ஐத் தாண்டிவிடக்கூடும். அப்படியானால் ஏறும்போது மட்டும் அதை மடக்க முடியுமா என்று பாருங்கள். அகலத்தையும் சக்கரத்தின் வெளிப்பக்கத்தில் கையால் சுற்றும் வளையத்தோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிவத்திலும் கேட்பார்கள். விமான நிலையத்தில் தரும் நாற்காலி வாசலோடு சரி. அதை நம்பி அம்மாவின் நாற்காலியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது வரிசை. எல்லோரும் முதலில் விமான டிக்கெட்டை வாங்கிவிட்டு ரயிலை அதற்கு ஏற்ப இழுக்கப் பார்க்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். விமானத்தில் இடம் எப்போதும் கிடைக்கும், விலைதான் ஏறும். ரயிலில் இருப்பதோ ஒன்றிரண்டு வீல்சேர் இடங்கள். அது போனால் அந்த ரயிலே உங்களுக்கு இல்லை. அதனால் முதலில் பாரிஸ்-லூர்து ரயில், பிறகு லண்டன்-பாரிஸ் ரயில், அதன்பிறகு விமானம். பர்மிங்காமைப் பற்றி லண்டன் போய்க்கூட யோசித்துக்கொள்ளலாம்.

லூர்து தேதியில் ஒரு எச்சரிக்கை. ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். அந்த வாரத்தில்தான் பிரான்சின் தேசியத் திருயாத்திரை லூர்துக்கு வருகிறது. நோயாளிகளும் வீல்சேரில் வருபவர்களும் பெரும் எண்ணிக்கையில் வரும் நாட்கள் அவை. அன்றே அங்கே இருக்க வேண்டும் என்று அம்மா நினைத்தால், டிக்கெட் விற்பனை திறந்த அன்றே உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும். பிரான்சு ரயில்வேயான எஸ்என்சிஎஃப், கோடைக்கால டிக்கெட்டுகளைச் சில மாதங்களுக்கு முன் ஒரு தேதியை அறிவித்து மொத்தமாகத் திறந்துவிடும். அந்தத் தேதியைக் கவனித்து வையுங்கள். நாள் முக்கியமில்லை, மாதாவைப் பார்த்தால் போதும் என்றால் செப்டம்பருக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். வெயில் இறங்கியிருக்கும், கெபியின் (மாதா குகையின்) முன்னால் நிம்மதியாகக் கொஞ்ச நேரம் உட்காரலாம். திருயாத்திரைக் காலம் ஈஸ்டரிலிருந்து அக்டோபர் கடைசிவரை ஓடுவதால் செப்டம்பரிலும் மாலையில் மெழுகுத்திரி பவனி உண்டு.

பாரிஸ்-லூர்து ரயில் கிளம்புவது மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து. டிஜிவி என்ற அதிவேக ரயில். எஸ்என்சிஎஃப் செயலியிலோ தளத்திலோ பயணி விவரம் கொடுக்கும் இடத்திலேயே, வீல்சேரில் பயணிப்பவர் என்று தெரிவித்துவிட்டுத் தேடுங்கள். தேடி முடித்து டிக்கெட் வாங்கியபின் சேர்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். டிஜிவியில் வீல்சேர் இடங்கள் பெரும்பாலும் முதல் வகுப்புப் பெட்டியில்தான் இருக்கின்றன. கட்டணம் இரண்டாம் வகுப்புக்குரியதுதான். திரையில் முதல் வகுப்பு என்று வந்தால் தப்பாகிவிட்டதோ என்று பதறி மாற்றிவிடாதீர்கள். இங்கிருந்து பணம் கட்டும்போது நம் வங்கி அட்டை சில சமயம் சண்டித்தனம் செய்யும். முன்பே வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். அப்படியும் முடியவில்லையென்றால் சித்தியை ஏதாவது ஒரு பெரிய ரயில் நிலையக் கவுன்டருக்குப் போகச் சொல்லுங்கள். அம்மாவின் பெயர், பிறந்த தேதி, நாற்காலி அளவு மூன்றும் அவர் கையில் இருந்தால் போதும்.

டிக்கெட் வாங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இடம் ஒரு புக்கிங், உதவி இன்னொரு புக்கிங். வீல்சேர் இடம் உங்கள் பெயரில் இருப்பதாலேயே பிளாட்பாரத்தில் ரேம்ப்போடு ஒருவர் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. பிரான்சில் இந்த உதவிக்கு அசிஸ்ட் ஆங் கார் என்று பெயர். உள்ளூரில் 3212 என்ற எண்ணில் அழைக்கலாம். இந்தியாவிலிருந்து செய்வதென்றால் இணையப் படிவம்தான் வசதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் 7 முதல் நடப்புக்கு வந்த ரயில் பயணிகள் உரிமை விதிகளின்படி, 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டால் போதும் என்பது பொது விதி. முன்பு 48 மணி நேரமாக இருந்தது. உதவிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. நீங்கள் டிக்கெட் வாங்கிய அன்றே பதிந்துவிடுங்கள். உறுதிசெய்து வரும் மின்னஞ்சலில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று இருக்கும். மோன்பர்னாஸ் பெரிய நிலையம், அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகும் என்பதால் அவர்கள் சொன்ன நேரத்துக்கு இன்னும் முன்னாலேயே போங்கள்.

இறங்கும்போது மட்டும் மிகக் கவனம். அந்த ரயிலுக்கு லூர்து பெரும்பாலும் கடைசி நிலையம் இல்லை. அது தார்ப் என்ற ஊர் வரை போகும். லூர்தில் சில நிமிடங்கள்தான் நிற்கும். முந்தைய முக்கிய நிறுத்தம் போ (Pau) என்ற ஊர். அந்த நிலையம் தாண்டியதும் பைகளைச் சேர்த்துக் கட்டி, ரயில் ஊழியரைத் தேடிப்பிடித்து "லூர்தில் வீல்சேர் இறங்க வேண்டும்" என்று நினைவூட்டுங்கள். வண்டி நின்றும் ரேம்ப்போ லிஃப்டோ வரவில்லையென்றால், உங்களில் ஒருவர் வாசலில் நின்று கையசைத்து ஊழியரைக் கூப்பிட வேண்டும். மற்றவர் அம்மாவோடேயே இருக்கட்டும். பைகளை இறக்கிவைக்கலாம் என்று இரண்டு பேரும் கீழே போய்விடவே கூடாது. லூர்து ஊழியர்களுக்கு வீல்சேர் புதிதில்லை, ஆண்டு முழுக்க அதுதான் அவர்கள் வேலை. நிலையத்திலிருந்து திருத்தலம் வரை இறக்கமான சாலை. போகும்போது நாற்காலி தானாக ஓடப் பார்க்கும், வரும்போது மூச்சு வாங்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன் பிரேக் இரண்டையும் சரிபார்த்து வையுங்கள். ஏற்றத்துக்கு டாக்சியே நல்லது.

லண்டன்-பாரிஸ் யூரோஸ்டார் ரயில் இதைவிடச் சுலபம். சுமார் இரண்டே கால் மணி நேரம், இரண்டு முனையும் கடைசி நிலையங்கள், ஆகவே இறங்கும் அவசரம் இல்லை. வீல்சேரில் பயணிப்பவருக்கும் உடன்வரும் ஒருவருக்கும் நிலையான சலுகைக் கட்டணம் உண்டு. இடம் உயர்வகுப்புப் பெட்டியில் வரும். உடன்வருபவர்களில் ஒருவருக்கு மட்டும்தான் சலுகை என்பதைக் கவனியுங்கள். நீங்களும் அண்ணனும் சேர்ந்து போனால் ஒருவர் அம்மா பக்கத்தில், மற்றவர் சாதாரண டிக்கெட்டில் வேறு பெட்டியில். அம்மாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது நீங்கள்தான் என்றால் துணையாள் டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கட்டும். உதவி வேண்டும் என்பதையும் புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த ரயிலுக்குப் பிரான்சின் குடியேற்றச் சோதனை லண்டன் செயின்ட் பான்க்ரஸ் நிலையத்திலேயே முடிந்துவிடும். பிரான்சுக்கான ஷெங்கன் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு போக வேண்டும், பிரிட்டன் விசா தனி. 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டவரின் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வேறு வந்திருக்கிறது. வரிசை நீளும், எனவே நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்ஃபர்டிலிருந்து செயின்ட் பான்க்ரஸ் போக எலிசபெத் லைன் ரயிலில் ஏறி ஃபாரிங்டனில் இறங்கி, அங்கிருந்து தேம்ஸ்லிங்க் ரயில் பிடியுங்கள். எலிசபெத் லைன் நிலையங்கள் எல்லாவற்றிலும் படியில்லாமல் பிளாட்பாரம் வரை போகலாம். இல்ஃபர்டில் ஏற ஊழியர் ரேம்ப் போடுவார். அது சிரமமாகத் தோன்றினால் லண்டன் கறுப்பு டாக்சி எல்லாவற்றிலும் வீல்சேர் ரேம்ப் இருக்கிறது.

பாரிசுக்குள் மெட்ரோவை மறந்துவிடுங்கள். 1900-ல் தொடங்கிய அமைப்பு, பழைய நிலையங்கள் எல்லாம் படிமயம். முழுக்க வீல்சேரில் போகக்கூடிய மெட்ரோ லைன் 14 ஒன்றுதான், அதுவும் மோன்பர்னாஸ் பக்கம் போகாது. நகரப் பேருந்துகள் நல்ல வழி. நடுக்கதவருகே வீல்சேர் படம் போட்ட நீலப் பொத்தானை அழுத்தினால் ரேம்ப் நீளும். யூரோஸ்டார் வந்து சேரும் கார் து நோர் நிலையத்துக்குச் சித்தி வீட்டார் காரோடு வந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. வந்த அன்றே லூர்து ரயில் பிடிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். குறைந்தது ஓர் இரவாவது பாரிசில் தங்குங்கள்.

யூடிஐடி பற்றி. நம் ரயில்வேயின் சலுகை வேறு, அங்குள்ள சலுகைகள் வேறு. பிரான்சில் துணையாளுக்குக் கிடைக்கும் சலுகை அந்நாட்டு அரசு தரும் அட்டையை ஒட்டியது. ஆகவே டிஜிவிக்கு இரண்டு பேருக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். ஆனால் பிரிட்டனில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரும் பலருக்கு அது தெரிவதில்லை. தன் வீல்சேரில் உட்கார்ந்தபடியே பயணிப்பவருக்கும் உடன்வரும் ஒருவருக்கும், எந்த அட்டையும் இல்லாமலேயே, எனிடைம் (எந்த நேர ரயிலிலும் போகக்கூடிய) டிக்கெட்டில் 34 சதவீதம் தள்ளுபடி. சாதாரண வகுப்பில் அன்றே போய்த் திரும்பும் எனிடைம் டே ரிட்டர்ன் என்றால் 50 சதவீதம். பர்மிங்காம் ஒருநாள் பயணத்துக்கு இது பொருந்தும். நிலையக் கவுன்டரில் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் எனிடைம் என்பதே விலை கூடிய டிக்கெட்; முன்கூட்டி வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட் தள்ளுபடி இல்லாமலேயே அதைவிட மலிவாக இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். உதவிக்கு அங்கே பாசெஞ்சர் அசிஸ்ட் என்ற சேவை. செயலியிலோ தொலைபேசியிலோ பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரைகூடப் பதியலாம். பதியாமல் போனாலும் உதவி மறுக்கமாட்டார்கள், காத்திருக்க நேரிடலாம், அவ்வளவுதான்.

நாற்காலி விஷயத்தில் இன்னும் ஒன்று. கிளம்புவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ரயிலில் ஏற்றி இறக்கும்போது அவர்கள் கையால் நாற்காலி உடைந்தால், பழுதுபார்க்கவோ புதிது வாங்கவோ ஆகும் முழுச் செலவையும் ஈடுகட்டும் பொறுப்பு ரயில் நிறுவனத்துக்கு இருக்கிறது. பிளாட்பாரத்திலேயே எழுத்தில் புகார் பதிந்து நகல் வாங்காமல் நகராதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். இரண்டடுக்கு டிஜிவியில் உணவு விற்கும் பெட்டி மேல்தளத்தில் இருக்கிறது. அம்மாவால் போக முடியாது, நீங்கள்தான் வாங்கி வர வேண்டும். சித்தி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே சிறந்தது. யூரோஸ்டாரிலும் கட்டுச்சோறு கொண்டுபோகலாம், ஆனால் பால், இறைச்சிப் பொருள்களைப் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச்செல்லத் தடை உண்டு. அண்ணி தயிர்சாதம் கட்டித் தருவதாக இருந்தால் புளியோதரையாக மாற்றச் சொல்லிவிடுங்கள்.